இருவது அடிக்கு அந்தப் பக்கம்

உக்காருங்க அண்ணாச்சி, இந்தப் பக்கம் வெயில் அடிக்காது. பையை இப்படிக் குடுங்க, கால்மாட்டுல வச்சுக்கிறேன். கோவில்பட்டிதான? நானும் அங்கதான் போறேன். போகணும்னு போகல, போகச் சொன்னாங்கன்னு போறேன்.

இந்த டிரைவரைப் பாருங்க. கியர் போடுற சத்தத்தைக் கேட்டீங்களா, பழைய இரும்புக் கடையில சாமானைத் தூக்கி வீசுற மாதிரி. எனக்கு இருப்புக் கொள்ளல. ஸ்டியரிங் பிடிச்ச கையைச் சும்மா மடியில வச்சுக்கிட்டு வான்னா எப்படி வரும். நானும் டிரைவர்தான் அண்ணாச்சி. காளிராஜ்னு பேரு. நல்லமங்கலம் மினி பஸ்ஸு, பால்வண்ணம் மொதலாளி வண்டி, நெத்தியில பச்சைப் பெயிண்டுல பேரு எழுதியிருக்கும், பாத்துருப்பீங்க. அதை ஓட்டுனது நான்தான். இப்ப வேற ஒரு பய ஓட்டுறான்.

ஏன்னு கேப்பீங்க. கேக்காட்டியும் சொல்லுவேன், யாருகிட்டயாவது சொல்லியாகணும். ஊர்க்காரன்கிட்டச் சொன்னா சிரிக்கிறான். நீங்க அசலூரு.

என் வண்டியைப் பிடுங்குனது மொதலாளி இல்ல. ஆர்டிஓ ஆபீசு இல்ல. விபத்து கிபத்து எதுவும் கிடையாது, இத்தன வருசத்துல ஒரு கோழிகூட என் டயர்ல விழுந்தது இல்ல. பிடுங்குனது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துல இருந்துக்கிட்டு என் மக. பெத்த பிள்ளை அண்ணாச்சி.

சுபிக்ஷான்னு பேரு. ஊருக்கு வெளிய, ரோட்டு மேல இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியில ஒம்பதாவது. ஒத்தைப் பிள்ளை. இப்ப பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாவா இருக்கு, பாதி ஆஸ்பத்திரியால்ல இருக்கு. வியாழக்கிழமையானா சத்து மாத்திரை. மத்தியானம் சோறு தின்ன கையோட லைன்ல நிக்க வச்சு முழுங்கச் சொல்லுவாங்களாம். அப்புறம் பூச்சி மாத்திரை. எடை பாக்க ஒரு நாள், பல்லு பாக்க ஒரு நாள், நகம் வெட்டியிருக்கான்னு பாக்க ஒரு நாள். நம்ம காலத்துல அம்மை ஊசின்னாலே சுவரேறிக் குதிச்சு ஓடிப் போயிருவோம். இதுக என்னடான்னா வரிசையில நின்னு வாங்கிக்கிட்டு வருதுக. சரி, அதை நான் குத்தம் சொல்லல. மாத்திரை திங்க ஆரம்பிச்சப்புறம் பிள்ளை தலை சுத்துதுன்னு வந்து படுக்குறது இல்ல. எங்க வீட்டுக்காரி மாரீஸ்வரி அதைத் தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாமச் சொல்லிட்டா. மாத்திரையோட நின்னுருக்கலாம். கண்ணுக்கு வந்தாங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சனி பிடிச்சது.

ஜெபராணி டீச்சர்னு ஒருத்தவங்க. அறிவியல் டீச்சர். அவங்கதான் இந்தச் சுகாதாரத்துக்கெல்லாம் பொறுப்பு. ஒரு சார்ட்டு வச்சுருக்காங்க. மேல பெரிய எழுத்து, கீழ வர வரச் சின்ன எழுத்து. அதைச் சுவத்துல மாட்டி, இருவது அடிக்கு இந்தப் பக்கம் சாக்பீஸால ஒரு கோடு போட்டு, கோட்டுல பிள்ளையை நிறுத்தி வாசின்னு சொல்றது. எங்க சுபி, சார்ட்டுல மேல இருந்த ஒத்தை எழுத்தை மட்டும் வாசிச்சிட்டு நின்னுருச்சாம். ஆள் விட்டாங்க, போனேன்.

டீச்சர் மரியாதையானவங்கதான், நாற்காலியெல்லாம் போட்டாங்க. "அண்ணே, பிள்ளைக்குத் தூரப் பார்வை கம்மியா இருக்கு. போர்டுல எழுதுறதை இத்தன நாளும் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பாத்துத்தான் எழுதியிருக்கா. உங்களுக்குக் கண்ணு எப்படி? பெத்தவங்களுக்கு இருந்தா பிள்ளைக்கும் வரும்"னாங்க.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "எங்க வம்சத்துலயே கண்ணாடி கிடையாது டீச்சர். எங்கப்பா சாகுற வரைக்கும் கண்ணாடி போட்டதில்ல"ன்னேன்.

"அவங்க எப்படி இறந்தாங்க?"ன்னு கேட்டாங்க.

"கெணத்துல தவறி விழுந்துட்டாரு. அது வேற விசயம்"னேன்.

டீச்சர் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க.

பொறவு கண்ணு பாக்குற ஆள் ஒருத்தர் பெட்டியோட வந்தாரு, அளந்தாரு, ஒரு மாசத்துல கண்ணாடி வந்துருச்சு. காசு கிடையாது, கவர்மெண்டுக் கண்ணாடி. ஊதா கலர் பிரேமு. போட்டுக்கிட்டு வீட்டுக்கு வருது அண்ணாச்சி, வாசல்ல நின்னு வேப்பமரத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. "எம்மா, இலை தனித்தனியா இருக்கும்மா"ங்குது. மாரீஸ்வரி அழுதுட்டா. இதுல அழுக என்ன இருக்கு, வேப்ப மரத்துல இலை தனித்தனியா இல்லாம ஒட்டியா இருக்கும். தூரத்துல இருந்து பாத்தா மரம் ஒரே பச்சையாத்தான் தெரியும், கிட்டப் போனா இலை. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான.

நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குள்ள போட்டுக்க, படிப்புக்கு வேணும், சரி. என் வண்டியில ஏறும்போது கழட்டிப் பைக்குள்ள வச்சிரு. வண்டியில வர்றவன் பூரா சொந்தக்காரன், பந்தக்காரன். நாளைக்கு ஒரு இடத்துல கல்யாணப் பேச்சு எடுத்தா, அந்தப் பிள்ளைக்குக் கண்ணு தெரியாதுல்லன்னு எவனாச்சும் சொல்லிட்டா? ஊரு வாயை மூட உலைமூடி ஏது. சரிப்பான்னு சொல்லுச்சு. எதுத்துப் பேசுற பிள்ளை இல்ல.

அதுவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் காலையில அந்த டிரிப்புதான் சந்தோசம். எனக்கு இடதுபக்கம் பேனட்டை ஒட்டி ஒரு சின்ன சீட்டு, அது சுபி சீட்டு. சின்னதுல இருந்து அங்கதான் உக்காரும். வேற எவனாச்சும் உக்காந்துட்டா கண்டக்டர் செந்தட்டி எழுப்பி விட்ருவான். பேசிக்கிட்டே வரும். நான் ஹாரன் அடிச்சாக்க அதுவும் வாயாலே அடிக்கும். கண்ணாடி வந்தப்புறமும் ஒரு வாரம், பத்து நாள் அப்படித்தான், கழட்டி வச்சிட்டு வந்து உக்காரும்.

ஒரு நாள் பரீட்சையோ என்னமோ, படிச்சுக்கிட்டே வந்து ஏறுச்சு. கழட்ட மறந்துருச்சு. கூட்டமா இருந்துச்சு, நானும் சொல்லல. பொஸ்தகத்தை மூடிட்டு ரோட்டைப் பாத்துச்சு அண்ணாச்சி. அம்புட்டுதான். முன்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சினிமா பாக்குற மாதிரி கண்ணை விரிச்சுக்கிட்டு வருது. எதுக்கெடுத்தாலும் "எப்பா, எப்பா". எவனோ சைக்கிள்காரன் அவன் பாட்டுக்குக் குறுக்க வந்தான், "எப்பா". ஒரு கிழவி ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, "எப்பா". அந்தக் கிழவி வாய்க்கால் ஓரம் ஒதுங்கிருச்சு, ஒண்ணும் ஆகல. டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டுக் கத்துனா எவனுக்கும் கை நடுங்கும். சும்மா வா தாயின்னு ஒரு அதட்டு போட்டேன். பள்ளிக்கூடத்துல இறங்கும்போது படியைப் பிடிச்சுக்கிட்டு என்னையத் திரும்பிப் பாத்துச்சு.

அன்னைக்கு இறங்குனதுதான். மறுநாள்ல இருந்து என் வண்டியில ஏறல.

கம்மாக்கரை வழியா நடந்து போகுது. விடிஞ்சும் விடியாம கிளம்பிரும். ஏண்டி, அப்பன் வண்டி இருக்க நீ ஏன் நடக்கன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிடுது. மாரீஸ்வரி கேட்டா, பள்ளிக்கூடத்துல சீக்கிரம் வரச் சொன்னாங்கங்குது. அதுவும் பொய் இல்ல, சுகாதாரத் தூதுவர்னு நாலஞ்சு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்திருந்தாங்க, அதுல இதுவும் ஒண்ணு. மஞ்சக் கலர்ல கோட்டு ஒண்ணு குடுத்திருந்தாங்க, மாட்டிக்கிட்டுத் திரியும்.

எனக்குப் புரிஞ்சு போச்சு அண்ணாச்சி. பொண்ணுக்கு இப்ப கண்ணாடி வந்துருச்சு, கோட்டு வந்துருச்சு. தூதுவர். காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு மினி பஸ் ஓட்டுற அப்பன் பக்கத்துல உக்காரக் கௌரவம் இடிக்குது. பத்து ஊரு சனம் ஏறி இறங்குற வண்டி, அதுல அப்பன் மூஞ்சியில எண்ணெய் வடிய உக்காந்துருக்கான். அந்தச் சீட்டை வேற ஆளுக்குக் குடுக்காம சும்மாவே வச்சுக்கிட்டு ஓட்டுனேன்.

அத்தோட போச்சா. இது ஏறலைன்னதும் இதோட சேக்காளிப் பிள்ளைக நாலு ஏறல. அதுகளைப் பாத்து இன்னும் ரெண்டு. எல்லாம் நடைதான். மொதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, "என்ன காளி, உன் மகளே உன் வண்டியில ஏற மாட்டேங்குதாமே, என்ன சங்கதி"ன்னு கேட்டாரு. மககிட்டச் சண்டைன்னேன். அவரு மீசையைத் தடவிக்கிட்டுப் போயிட்டாரு.

இந்த நேரம் பாத்து லைசென்சு புதுப்பிக்க நாள் வந்துருச்சு. போன தடவை டாக்டர் நிமிந்துகூடப் பாக்கல, கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டாரு. இந்தத் தடவை சார்ட்டு வச்சுப் பாக்குறாங்கன்னு ஸ்டாண்டுல பேசிக்கிட்டாங்க. என் கண்ணுக்கு என்ன கோளாறு, ஒண்ணும் இல்ல. இருந்தாலும் பழக்கம் இல்லாத சங்கதியில, ஆபீசர் முன்னாடி தடுமாறிரும்ல. அதுக்கு ஒரு வழி தானா வந்துச்சு. சுபி வீட்டுச் சுவத்துல அந்தச் சார்ட்டை மாட்டித் தெருப்பிள்ளைகளை நிறுத்திச் சோதனை பண்ணிக்கிட்டு இருக்கும். சாயங்காலமானா அதான் வேலை. பிள்ளைக சத்தம் போட்டு வாசிக்கும். நான் கட்டில்ல படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

டிரைவருக்கு ஞாபகசக்தி கூடுதல் அண்ணாச்சி. எழுத்தை நான் எழுத்தா மனசுல வைக்கல, ஸ்டாப்பா வச்சுக்கிட்டேன். ப-ன்னா பஸ் ஸ்டாண்டு. அடுத்த வரிசை ட, ம. டேங்கு, மந்தை. அடுத்தது க, ய, ல. கம்மாய், யூனியன் ஆபீசு, லாலா கடை. கடைசி வரிசை ந, ர, வ, ச. நாலுமுக்கு, ரேசன் கடை, வேதக்கோயில், சந்தை. முடிஞ்சது டிரிப்பு. சார்ட்டு எந்த ஆபீசுல மாட்டினாலும் ஒரே சார்ட்டுதான, கவர்மெண்டு அச்சடிக்கிறது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கட்டில்ல படுத்துக்கிட்டு முணுமுணுன்னு சொல்லிப் பாத்துக்குவேன். அது சுபி காதுல விழுந்துருக்கும்னு நான் நெனைக்கல.

அப்புறம் பள்ளிக்கூடத்துல ஒரு விழா வச்சாங்க. நலவாழ்வு நாள்னு பந்தல் போட்டு, பெத்தவங்களை எல்லாம் வரச் சொல்லி. ஒரு பக்கம் கை கழுவுறது எப்படின்னு ஒரு கூட்டம், இன்னொரு பக்கம் கீரை, கடலைமிட்டாய் வச்சுக்கிட்டு ரத்தம் ஊறுறதுக்கு என்ன திங்கணும்னு ஒரு கூட்டம். கண்ணுப் பக்கம் சுபி. மொதலாளி பள்ளிக்கூடக் கமிட்டியில இருக்காரு, முன்வரிசையில உக்காந்துருக்காரு. நான் டிரிப்புக்கு நடுவுல வண்டியை ஓரங்கட்டிட்டுச் செந்தட்டியோட உள்ள போனேன்.

பெத்தவங்க யாராச்சும் வந்து கண்ணைச் சோதிச்சுப் பாத்துக்கலாம்னு ஜெபராணி டீச்சர் மைக்குல சொன்னாங்க. ஒருத்தரும் எந்திரிக்கல. எனக்கு மின்னல் அடிச்ச மாதிரி ஒரு யோசனை. இதை விட்டா சமயம் வராது. மொதலாளி இருக்காரு, வண்டியில ஏறாத பிள்ளைகளைப் பெத்தவங்க எல்லாம் இருக்காங்க. எல்லார் முன்னாடியும் கடகடன்னு வாசிச்சுக் காட்டிட்டா எல்லா வாயும் அடைச்சுரும். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னு சொல்லுவாங்கல்ல, அதான். எந்திரிச்சுப் போய் சாக்பீஸ் கோட்டுல நின்னேன்.

"எப்பா, வேண்டாம்ப்பா"ன்னுச்சு சுபி. மெதுவாத்தான் சொல்லுச்சு.

"ஏன் வேண்டாம், மாட்டு தாயி"ன்னேன். ஒரு கையால ஒரு கண்ணை மூடிக்கிட்டேன், முறையா.

அது திரும்பிச் சுவத்துல என்னமோ பண்ணுச்சு, மாட்டுறதும் கழட்டுறதுமா. பொறவு ஸ்கேலை எடுத்துக் காமிச்சு, "இது என்னப்பா?"ன்னு கேட்டுச்சு.

"ப"ன்னேன்.

ஸ்கேல் கீழ இறங்குச்சு. ட. ம. நான் நிறுத்தல, நல்ல சவுண்டா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். க, ய, ல. பந்தல்ல ஒரு சத்தம் இல்ல. பாத்தீங்களா, அசந்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். ந, ர, வ, ச. கடைசி வரைக்கும் அது ஸ்கேலை எடுக்கல அண்ணாச்சி. ஒவ்வொரு எழுத்துக்கும் தள்ளித் தள்ளி வச்சுச்சு. முடிச்சிட்டு நான் மொதலாளி பக்கம் திரும்பிச் சிரிச்சேன்.

ஒரு சின்னப் பய, ஆறாப்புப் படிப்பான், அவன்தான் கத்துனான். "டீச்சர், அது கை கழுவுற படம் டீச்சர்."

மொத்தப் பந்தலும் சிரிச்சுச்சு. சார்ட்டைக் கழட்டிட்டு, கை கழுவுற படத்தை மாட்டியிருக்கு என் மக. சோப்புப் போட்டு ரெண்டு கையையும் தேய்க்கிற படம். எழுத்துன்னு பேருக்கு ஒண்ணுகூட இல்லையாம் அதுல. நான் கேக்கேன், சார்ட்டை மாத்தினா மாத்திட்டேன்னு சொல்ல வேண்டாமா? அது முறையா? இருவது அடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தாளுல கறுப்பா என்னமோ தொங்குனா எந்த மனுசனும் சார்ட்டுன்னுதான நெனைப்பான். நம்பிக்கைதான. பெத்த பிள்ளை மாத்தும்னு எவன் எதிர்பாப்பான்.

சுபி அங்கயே ஸ்கேலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சாம். பிற்பாடு சொன்னாங்க. ஜெபராணி டீச்சர் ஓடி வந்து பிடிச்சுக்கிட்டாங்களாம். நான் நேரா வெளிய வந்து வண்டியில ஏறி உக்காந்துட்டேன்.

மொதலாளி வந்து சன்னல்கிட்ட நின்னாரு. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. "காளி, சாவியைக் குடு. கண்ணைக் காமிச்சிட்டு வா. கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து ஓட்டு, வண்டி எங்கயும் போயிராது"ன்னாரு. கண்ணாடி போட்டு ஓட்டுறதாம். ஸ்டாண்டுல சோடாபுட்டின்னு பேரு வச்சுருவானுக, டிரைவருக்கு அதுக்கு மேல என்ன மரியாதை இருக்கு. சாவியை அவரு கையில வச்சேன் அண்ணாச்சி. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து அந்தச் சாவி என் சட்டைப்பையில இருக்கு.

வீட்டுக்கு வந்து சுபியைக் கேட்டேன். அடிக்கல, கை ஓங்கல. ஏண்டி, அப்பன் மேல உனக்கு என்ன வன்மம், அத்தன பேரு முன்னாடி ஏன் இப்படிப் பண்ணுனன்னு கேட்டேன். "தனியாச் சொன்னாக் கேப்பியாப்பா"ன்னுச்சு. நீ எப்பச் சொன்னன்னேன். "அன்னைக்கு வண்டியில பூராம் அதைத்தானப்பா சொல்லிக்கிட்டு வந்தேன்"னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. அதுல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. தட்டை வைக்கும், தண்ணி வைக்கும், போயிரும். மாரீஸ்வரிதான் நடுவுல கிடந்து அல்லாடுறா. அவதான் என்னைய இழுத்துக்கிட்டுப் போய்க் கண்ணைக் காமிச்சா. பவரு நிறைய ஏறிப்போச்சுங்கிறாங்க. அந்தக் கண்ணாடியை வாங்கத்தான் இப்பப் போய்க்கிட்டு இருக்கேன். வாங்கி வைப்போம், போடுறது பொறவு.

சலிச்சுப் போச்சு அண்ணாச்சி. காலையில எந்திரிச்சா என்ன பண்ணன்னு தெரியல. டீக்கடைக்குப் போனா எவனாச்சும், "காளி, இது என்ன எழுத்து"ன்னு விரலைக் காட்டுறான்.

போன வாரம் செந்தட்டி வந்தான். கண்டக்டர், சொன்னேன்ல. நல்ல பய, என்கிட்டத் தொழில் பழகுனவன். வந்து உக்காந்தான். நான்தான் கொட்டித் தீத்தேன். அப்பன்னா இளக்காரமாப் போச்சு, என் வண்டியில ஏற அதுக்கு வெக்கம், அதான் எல்லாத்துக்கும் மூலம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவன் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "அண்ணே, பள்ளிக்கூட வளைவுல மஞ்சக் கோட்டு போட்டு ஒரு ஆளு தினமும் நிக்கும்ல, ஞாபகம் இருக்கா"ன்னான்.

ஞாபகம் இல்லாம என்ன. அந்த வளைவு ஒரு கோணல் வளைவு, சின்னப் பிள்ளைக ரோட்டு ஓரத்துலயே ஓடிப் பிடிச்சு விளையாடுங்க. சுபி நடக்க ஆரம்பிச்ச சமயம், அங்க புதுசா ஒரு ஆளு நிக்க ஆரம்பிச்சது. மஞ்சக் கோட்டு. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, பிள்ளைகளைப் பின்னாடி தள்ளிக்கிட்டு, என் வண்டி நிக்கிற வரைக்கும் அசையாது. போக்குவரத்துப் போலீசுல யாரோ அம்மாவைப் போட்டுருக்காங்கன்னு நான் நெனச்சுக்கிட்டேன். தினமும் சலாம் வைப்பேன். நெத்தியில கை வச்சு, முறையா. அதுவும் திருப்பி வைக்கும். வீட்டுல சாப்புடும்போதுகூடச் சொல்லியிருக்கேன் அண்ணாச்சி, வளைவுல ஒரு போலீசம்மா நிக்குது, என்ன பொறுப்பு, பெத்தவங்களுக்குக்கூட இல்லாத அக்கறை, பிள்ளைன்னா அப்படி வளக்கணும்னு. சுபி எதிர்ல உக்காந்துதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

"அது நம்ம சுபிண்ணே"ன்னான் செந்தட்டி. "நீங்க சலாம் வைக்கும்போது தெரிஞ்சுதான் வைக்கிறீங்க, அப்பனும் மகளும் விளையாடுறீங்கன்னு நெனச்சேன். அந்த விழா அன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சது."

நான் அவனை வெளிய போடான்னு சொல்லிட்டேன். மாரீஸ்வரிகிட்ட இதைச் சொல்லல. சுபிகிட்டயும் கேக்கல. என்னன்னு கேக்குறது.

ஆனா நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க நாலு ஊரு பாத்தவரு. இதுல என் தப்பு என்ன. அந்தத் தூரத்துல நிக்கிற ஆளு மூஞ்சி எவனுக்குத் தெரியும். ஆளு நிக்குதுன்னு தெரியும், கலர் தெரியும், கையை விரிச்சிருக்குன்னு தெரியும். மூஞ்சிங்கிறது கிட்ட வந்தாத்தான. மனுசக் கண்ணு அம்புட்டுதான். எல்லாருக்கும் அப்படித்தான.

இந்தா, ரயில்வே கேட்டு போட்டுட்டான். ரயில் வர்ற வரைக்கும் வண்டி நகராது. அந்தா பாருங்க, கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு நிக்குதுல்ல, செவப்பா. உங்களுக்கு என்ன தெரியுது, உள்ளதைச் சொல்லுங்க. செவப்புச் சேலை. சரி, அது எனக்கும் தெரியுது. இடுப்புல பிள்ளையா. இருக்கும், என்னமோ தூக்கி வச்சுருக்கு. அப்புறம்?

சிரிக்குதா?

அது சிரிக்கிறது இங்க உக்காந்துக்கிட்டே உங்களுக்குத் தெரியுதா? அந்தப் பிள்ளை மூஞ்சியும் தெரியுதா? கண்ணாடிகூட இல்லையே உங்ககிட்ட.

அப்பச் செந்தட்டிக்கும் தெரிஞ்சிருக்கும். படியில நின்னுக்கிட்டுத்தான வருவான். நான் சலாம் வைக்கும்போதெல்லாம் என் பிள்ளை மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு அவன் பாத்துருப்பான் அண்ணாச்சி. அவன்கிட்டத்தான் கேக்கணும்.